குப்பை அடித்தும் பயிர் எழும்பவில்லையா? அறிகுறியை வைத்துக் கோளாறைப் பிடிக்கும் வழி

சிவகங்கை, புதுக்கோட்டைச் செம்மண் காடுகளில் தொழு உரம், ஆட்டுக் கிடை, பசுந்தாள், வைக்கோல், தென்னை நார்க்கழிவு என்று எதையாவது போட்டு மண்ணைத் தேற்றப் பார்ப்பவர்களுக்காக எழுதியது. போட்ட பிறகும் பயிர் சரியில்லை என்றால் உடனே தோன்றுவது "இன்னொரு டிப்பர் அடிக்கணும்" என்பதுதான். பெரும்பாலும் அது வீண் செலவு. அளவு குறைந்ததால் வரும் கோளாறுகள் கொஞ்சம். பழுக்காத குப்பை, தப்பான நேரம், ஈரமில்லாத மண் இந்த மூன்றால் வருபவைதான் அதிகம்.

உங்கள் வயலில் தெரியும் அறிகுறிக்குப் போய் அங்கிருந்து தொடங்குங்கள். காசில்லாத சோதனை முதலில் வரும், செலவு பிடிப்பது கடைசியில். கையில் வேண்டியவை: மண்வெட்டி, கடப்பாரை, இரண்டு பக்கமும் திறந்த தகர டப்பா ஒன்று, கண்ணாடி டம்ளர், ஒரு பாட்டில் மழைத்தண்ணீர், நாலைந்து கொட்டாங்குச்சி.

## அறிகுறி 1: குப்பை போட்ட சில வாரங்களில் பயிர் வெளுக்கிறது

முதலில் எந்த இலை வெளுக்கிறது என்று பாருங்கள். இதைப் பார்க்காமல் கடைக்குப் போனால் தப்பான பாக்கெட்டோடுதான் திரும்புவீர்கள்.

### அடி இலை முதலில் மஞ்சளாகிறது, செடி குட்டையாக நிற்கிறது

தழைச்சத்துப் பசி. செடிக்கு ஒரு சாண் தள்ளி ஒரு மண்வெட்டி மண்ணைப் புரட்டுங்கள். போட்ட வைக்கோல், கரும்புச் சோகை, நார்க்கழிவு இன்னும் இன்னதென்று அடையாளம் தெரிகிறதா? ஒரு துண்டை எடுத்து இழுத்தால் அறாமல் நிற்கிறதா? அப்படியென்றால் அதை மக்க வைக்கும் நுண்ணுயிர்கள் உங்கள் பயிருக்கான தழைச்சத்தை எடுத்துத் தின்றுகொண்டிருக்கின்றன. அவை செத்த பிறகுதான் திருப்பித் தரும்.

கணக்கு எளிது. ஒரு டன் காய்ந்த நெல் வைக்கோலில் தழைச்சத்து 5–6 கிலோதான் இருக்கும். அது மக்குவதற்கு ஏறக்குறைய 12–15 கிலோ தேவை. பற்றாக்குறை மண்ணிலிருந்து போகிறது. கரிச்சத்துக்கும் தழைச்சத்துக்கும் உள்ள விகிதம் 25–30க்குக் கீழே இருந்தால் பிரச்சினை வராது. சாணம், ஆட்டுப் புழுக்கை, பூக்கும் பருவத்துப் பசுந்தாள் எல்லாம் இந்த வரம்புக்குள் வரும். வைக்கோல் 60–80, பச்சை நார்க்கழிவு 100க்கு மேல், மரத்தூள் அதற்கும் பல மடங்கு. மரத்தூளை மண்ணுக்குள் உழவே உழாதீர்கள்.

இப்போதைக்குச் செய்ய வேண்டியது: மண்ணில் ஈரம் இருக்கும்போது ஏக்கருக்கு 10–15 கிலோ யூரியா மேலுரமாகக் கொடுங்கள். ஈரம் இல்லாவிட்டால் 100 லிட்டர் தண்ணீருக்கு 1 கிலோ யூரியா கரைத்து மாலையில் இலைமேல் தெளியுங்கள். ரசாயனம் வேண்டாம் என்பவர்கள் கோமியத்தைப் பத்து மடங்கு தண்ணீரில் கலந்து வேரோரம் ஊற்றலாம், பலன் கொஞ்சம் மெதுவாகத் தெரியும். உளுந்து, கடலை என்றால் ஒரு செடியைப் பிடுங்கி வேர்முடிச்சை நகத்தால் கீறுங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் அது தன் பாட்டைப் பார்த்துக்கொள்ளும், யூரியா தேவையில்லை. உள்ளே வெள்ளையாகவோ பச்சையாகவோ இருந்தால், அல்லது முடிச்சே இல்லையென்றால், அடுத்த முறை விதைக்கு ரைசோபியம் கலந்து விதையுங்கள்.

அடுத்த பருவத்துக்கு: வைக்கோலை உழுது மடக்குவதாக இருந்தால் டன்னுக்கு 15–20 கிலோ யூரியா, அல்லது வைக்கோலின் எடைக்குச் சமமான ஈரச் சாணம் சேர்த்து, விதைப்புக்கு 6 வாரம் முன்னால் ஈர மண்ணில் மடக்குங்கள். நார்க்கழிவை மக்க வைக்காமல் வயலுக்குக் கொண்டுபோகக் கூடாது. ஒரு டன் நார்க்கழிவுக்கு 5 கிலோ யூரியா, 5 புட்டி புளூரோட்டஸ் காளான் வித்து. நார்க்கழிவு ஒரு அடுக்கு, வித்து ஒரு அடுக்கு, நார்க்கழிவு, யூரியா என்று மாற்றி மாற்றிப் பரப்பி நிழலில் ஈரம் காயாமல் வைக்க வேண்டும். நிறம் செம்பழுப்பிலிருந்து கறுப்பாக மாறி, குவியல் தணிந்திருந்தால் எடுக்கலாம். 30 நாள் என்று எழுதியிருப்பார்கள். ஈரம் விட்டுப்போனால் 60 நாளும் ஆகும்.

### புது இலை வெளுத்து நரம்பு மட்டும் பச்சையாக நிற்கிறது

இது இரும்புச்சத்துக் குறை. யூரியா போட்டுப் பயனில்லை. காய்ந்த மண்கட்டிமேல் நாலு சொட்டு வினிகர் விடுங்கள். நுரைத்தால் மண்ணில் சுண்ணாம்பு இருக்கிறது. அடுப்புச் சாம்பலைக் கூடை கூடையாகக் கொட்டிய இடமா என்றும் பாருங்கள். சர்க்கரை ஆலைக் கழிவு வாங்கியிருந்தால் எந்த வகை ஆலை என்று விசாரியுங்கள். கார்பனேஷன் முறையில் வரும் கழிவு பாதி சுண்ணாம்பு, சுண்ணாம்பு மண்ணுக்கும் களர் மண்ணுக்கும் அது ஆகவே ஆகாது. சல்பிட்டேஷன் முறைக் கழிவு பரவாயில்லை.

உடனடி மருந்து: 100 லிட்டர் தண்ணீருக்கு 1 கிலோ அன்னபேதி (பெரஸ் சல்பேட்), 100 கிராம் சிட்ரிக் அமிலம். கரைத்த உடனே தெளித்துவிட வேண்டும். வாளியில் வைத்துவிட்டுச் சாப்பிடப் போனால் திரும்பி வரும்போது துருநிறமாகியிருக்கும், அது இலைக்குள் போகாது. பத்து நாள் இடைவெளியில் இரண்டு தடவை. அதற்கும் புது இலை பச்சை திரும்பாவிட்டால் கிணற்றுத் தண்ணீரையும் மண்ணையும் சேர்த்துப் பரிசோதனைக்குக் கொடுங்கள்.

### வட்ட வட்டமாகக் கரும்பச்சை, வட்டங்களுக்கு இடையில் வெளுப்பு

குப்பையை வயலில் குமி குமியாகக் கொட்டிவிட்டு வாரக்கணக்கில் வெயிலில் விட்டதன் கையெழுத்து இது. குமி இருந்த இடத்தில் சத்து ஊறிவிட்டது. மீதிக் குப்பையிலிருந்த தழைச்சத்து அம்மோனியாவாகப் போய்விட்டது, பரப்பியது வெறும் சக்கை. இந்தப் பருவத்துக்கு வெளுத்த பகுதிக்கு மட்டும் மேலுரம் போதும். இனி கொட்டிய அன்றே இறைத்து அன்றே உழுங்கள். கிடை போட்டாலும் இதே விதிதான். கிடையில் புழுக்கையைவிட மூத்திரம்தான் காசு, ஆடு எழுந்துபோன அன்று காலையே ஒரு சால் ஓட்டாவிட்டால் அது வெயிலோடு போய்விடும்.

### நெல் வயல்: நட்டு இரண்டு மூன்று வாரத்தில் பயிர் நின்றுவிடுகிறது

வயலில் இறங்கிக் காலை அழுத்துங்கள். குமிழி வந்து அழுகின முட்டை நாற்றம் அடித்தால், பசுந்தாளோ தழையோ மடக்கிய கையோடு நட்டுவிட்டீர்கள். வேரைப் பிடுங்கினால் கறுத்திருக்கும். தண்ணீரை வடித்து, மயிரிழை வெடிப்பு விடும்வரை காய விடுங்கள். புது வெள்ளை வேர் வந்த பிறகு தண்ணீர் கட்டி மேலுரம் கொடுங்கள். அதற்கு முன் போடும் உரம் எதுவும் ஏறாது.

நாற்றம் இல்லை, அடி இலைகளில் துருப்பிடித்த மாதிரிப் பழுப்புப் புள்ளி என்றால் துத்தநாகக் குறை. ஏக்கருக்கு 10 கிலோ ஜிங்க் சல்பேட்டை 20 கிலோ மணலில் கலந்து வீசுங்கள். டிஏபியோடு சேர்த்துக் கலக்கக் கூடாது, இரண்டும் கட்டிக்கொண்டு இரண்டுமே வீணாகும். தழை மடக்கி 7–10 நாள் கழித்து நடுவது இரண்டு தொல்லைக்கும் தடுப்பு.

## அறிகுறி 2: விதை முளைக்கவில்லை, முளைத்தது கருகுகிறது

முதலில் விதை இருக்கிறதா என்று தோண்டிப் பாருங்கள். எறும்பு கொண்டுபோயிருந்தால் குப்பையைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. விதை இருந்து, முளை வளைந்து மேலே வர முடியாமல் கிடந்தால் அறிகுறி 3க்குப் போங்கள். முளை நுனி பழுப்பாகிக் கருகியிருந்தால் மட்டும் இங்கே தொடருங்கள்.

பச்சைக் கோழி எருதான் வழக்கமான குற்றவாளி. மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனாலே கண் கரிக்கும். வேறு குப்பை என்றால் இரண்டு கைப்பிடி எடுத்து லேசாக நனைத்து பிளாஸ்டிக் பையில் இறுக்கிக் கட்டி 3 நாள் நிழலில் வையுங்கள். பிரித்தால் மழை பெய்த மண்வாசம் வர வேண்டும். புளித்த வாடையோ அம்மோனியா நெடியோ வந்தால் பழுக்கவில்லை.

அடுத்தது கொட்டாங்குச்சிச் சோதனை. இரண்டு கொட்டாங்குச்சியில் வயல் மண் மட்டும், இரண்டில் பாதி மண், பாதி குப்பை. ஒவ்வொன்றிலும் 10 தட்டைப்பயறு ஊன்றி ஒரே அளவு தண்ணீர் விடுங்கள். ஒரு வாரத்தில் குப்பை கலந்ததில் முளைப்பு குறைந்தால் உப்பு அல்லது அம்மோனியா. முளைப்பு சமமாக இருந்து, இரண்டு மூன்று வாரத்தில் இலை கிண்ணம்போலச் சுருண்டால் களைக்கொல்லி எச்சம். அந்தக் குப்பையை நெல், சோளம், கம்பு வயலுக்குத் திருப்புங்கள். மிளகாய், பருத்தி, பயறு பக்கம் கொண்டுபோகக் கூடாது.

உப்பு என்று சந்தேகம் வந்தால், குறிப்பாகக் கடலோரத் தொட்டிகளில் ஊறிய மட்டையின் நார்க்கழிவு என்றால், நல்ல தண்ணீரால் இரண்டு மூன்று தடவை அலசி வடித்துவிட்டு அதே சோதனையைத் திரும்பச் செய்யுங்கள். அலசியும் முளைப்பு தேறவில்லை, அல்லது வயலில் வெள்ளையாக உப்புப் பூத்திருக்கிறது என்றால் இதற்கு மேல் கைவைத்தியம் வேண்டாம். மண்ணில் எவ்வளவு உப்பு என்று காட்டும் இ.சி. (மின்கடத்துதிறன்) அளவை மண் பரிசோதனை நிலையத்தில் பாருங்கள். 4க்கு மேல் போனால் பயிரை மாற்றுவதா, வடிகால் வெட்டுவதா என்பதை வேளாண்மை அறிவியல் நிலையத்தில் கேட்டு முடிவெடுக்க வேண்டும்.

கோழி எருவைச் சாணம், மண், சோகை கலந்து 45–60 நாள் குவித்து வைத்து, ஏக்கருக்கு 1 டன்னுக்கு மிகாமல் போடலாம்.

## அறிகுறி 3: மழை விட்டதும் மேல்மண் ஏடு கட்டுகிறது, தண்ணீர் இறங்காமல் ஓடுகிறது

செம்மண்ணின் பிறவிக் குணம் இது. ஆனால் மூன்று வேறு நோய்கள் ஒரே முகத்தோடு வரும், மூன்றுக்கும் மருந்து வேறு.

ஒரு பட்டாணி அளவு காய்ந்த மண்கட்டியை டம்ளரில் மழைத்தண்ணீர் ஊற்றி மெதுவாக உள்ளே விடுங்கள். கலக்கக் கூடாது. கிணற்றுத் தண்ணீரில் செய்தால் முடிவு தப்பும், அதிலுள்ள உப்பு கலங்கலைப் படிய வைத்துவிடும். மறுநாள் பாருங்கள்.

### கட்டி உதிர்ந்து கிடக்கிறது, தண்ணீர் தெளிவு

மண்துகளைப் பிடித்து வைக்கும் கரிமம் இல்லை. குப்பை நேரடியாக வேலை செய்யும் இடம் இதுதான். ஏக்கருக்கு 4 டன் தொழு உரம் அல்லது 5 டன் மக்கிய நார்க்கழிவு, கூடவே 800 கிலோ ஜிப்சம் அல்லது சுண்ணாம்பு. மண் அமிலமாக இருந்தால் சுண்ணாம்பு, இல்லாவிட்டால் ஜிப்சம். பதமான ஈரத்தில் இரண்டு சால் கொத்துக்கலப்பை. இந்த முறையே விதைத்தாகிவிட்டது, ஏடு கட்டிவிட்டது, விதை உள்ளே தவிக்கிறது என்றால் காய்ந்த முள்கிளையை லேசாக இழுத்து ஏட்டை உடைத்துவிடுங்கள். தெளிப்பு நீர் இருந்தால் கால் மணி நேரம் ஓட்டுங்கள்.

மக்காத வைக்கோல் கையில் இருந்தால் அதை உழுது மடக்குவதைவிட வரிசைகளுக்கு நடுவில் இரண்டு மூன்று அங்குலம் மூடாக்குப் போடுவது நல்லது. மழைத்துளி மண்ணில் நேராக அடிப்பது நின்றாலே பாதி ஏடு குறையும், தழைச்சத்துப் பசியும் வராது.

### கட்டியைச் சுற்றிப் பால்போலக் கலங்கல்

சோடியம். களர் மண். டிப்பர் டிப்பராகக் குப்பை அடித்தாலும் இது தனியாகத் தீராது. ஜிப்சம் எவ்வளவு என்பதை ஆய்வுக்கூடம்தான் சொல்ல வேண்டும், குத்துமதிப்பாகப் போடும் விஷயம் இல்லை. ஜிப்சம் போட்டுத் தண்ணீர் கட்டி வடித்த பிறகு தக்கைப்பூண்டு விதைத்து மடக்கலாம், அது களரைத் தாங்கும். இன்னொன்று: கண்மாய் வண்டல் அடிப்பதற்கு முன்னால் அந்த வண்டலிலும் ஒரு கட்டியை எடுத்து இதே சோதனையைச் செய்யுங்கள். எல்லாக் கண்மாய் மண்ணும் நல்ல மண் இல்லை. வண்டல் அள்ள முன் அனுமதி வேண்டும், வட்டாட்சியர் அலுவலகத்தில் கேளுங்கள்.

### டம்ளரில் கோளாறில்லை, ஆனாலும் தண்ணீர் இறங்கவில்லை

அடியில் கெட்டித்தளம். தகர டப்பாவை இரண்டு அங்குலம் மண்ணில் பதித்துத் தண்ணீர் ஊற்றி, ஒரு அங்குலம் இறங்க எவ்வளவு நேரம் என்று பாருங்கள். பிறகு மேல் ஆறு அங்குல மண்ணை ஒதுக்கிவிட்டு அந்தத் தளத்தில் அதையே செய்யுங்கள். மேலே சீக்கிரமும் கீழே மணிக்கணக்கும் ஆனால் சந்தேகமே வேண்டாம். ஈர மண்ணில் கம்பியைக் குத்தினாலும் அந்த ஆழத்தில் "டக்" என்று நிற்கும். வேரும் அங்கே எல் வடிவில் பக்கவாட்டில் திரும்பியிருக்கும்.

மருந்து உளிக்கலப்பை. ஒன்றரை அடி இடைவெளியில், 40 செ.மீ. ஆழத்தில், நீளத்திலும் குறுக்கிலும். கோடையில் மண் காய்ந்திருக்கும்போதுதான் தளம் உடையும், ஈரத்தில் ஓட்டினால் வெண்ணெயில் கத்தி போன மாதிரி கோடுதான் விழும். உடைத்த பிறகு ஏக்கருக்கு 5 டன் மக்கிய குப்பை. குப்பை போடாமல் விட்டால் இரண்டு மழையில் திரும்ப இறுகிவிடும். சொந்த டிராக்டரின் இழுவை போதாவிட்டால் வேளாண் பொறியியல் துறையில் வாடகைக்குக் கேளுங்கள்.

## அறிகுறி 4: குப்பை போட்ட பிறகு களை பெருகிவிட்டது

எந்தக் களை என்பதே விடை. சாரணை, குப்பைக்கீரை, பார்த்தீனியம் என்றால் குவியல் சூடேறவில்லை. கோரை, அருகு என்றால் குப்பையோடு கிழங்கும் வேர்த்துண்டும் வந்திருக்கின்றன, அல்லது ஏற்கெனவே இருந்ததை உரம் தட்டி எழுப்பியிருக்கிறது.

சீமைக் கருவேல் நாற்று வரிசையில்லாமல் முளைத்தால் ஆட்டுக் கிடையோ மாட்டுச் சாணமோதான் காரணம். காயைத் தின்ற ஆட்டின் வயிற்றில் விதை சாகாது, தோல் இளகி இன்னும் நன்றாக முளைக்கும். ஒரு புழுக்கையைப் பிட்டுப் பார்த்தால் பழுப்பு நிறத்தில் தட்டையாக விதை அகப்படும். காய் உதிரும் காலத்தில் கிடை பேசுகிறீர்கள் என்றால், மந்தை அதற்கு முந்தைய வாரம் எங்கே மேய்ந்தது என்று கீதாரியிடம் கேட்டுவிட்டுப் பேசுங்கள். முளைத்ததை ஒரு சாண் உயரத்துக்குள், ஈரத்தில், வேரோடு பிடுங்குங்கள். தரைமட்டத்தில் அறுத்தால் ஒன்று நாலாகத் துளிர்க்கும்.

## அறிகுறி 5: கரையான், புழு

கரையான் மக்காத காய்ந்த பொருளைத்தான் தேடி வரும். ஈரமில்லாத மண்ணில் சோளத்தட்டையை மடக்கிவிட்டுக் கடலை விதைத்தால் தட்டை தீர்ந்ததும் கடலைக்குத் திரும்பும். தட்டையை மக்க வைத்துப் போடுங்கள், அடியுரமாக ஏக்கருக்கு 100 கிலோ வேப்பம்புண்ணாக்கு.

குப்பைக்குழியில் கட்டைவிரல் தடிமனில் வெள்ளைப் புழு இருந்தால் அது காண்டாமிருக வண்டின் புழு. பயிர் வேரைத் தின்னாது, ஆனால் வண்டாகி உங்கள் தென்னங்குருத்துக்குப் போகும். பொறுக்கிக் கோழிக்குப் போடுங்கள், குழியில் மெட்டாரைசியம் பூஞ்சை தெளியுங்கள். கடலை வயலில் செடி வாடி, இழுத்தால் வேரில்லாமல் கையோடு வருகிறது, அடியில் சிறிய சி வடிவப் புழு என்றால் அது வேர்ப்புழு. கோடை மழை பெய்த அன்று இருட்டும் நேரத்தில் தாய்வண்டு வேம்பு, முருங்கையில் வந்து உட்காரும், கிளையை உலுக்கி மண்ணெண்ணெய்த் தண்ணீரில் போட்டுக் கொல்வதுதான் மலிவு. ஒரு சதுர மீட்டரில் ஒன்றுக்கு மேல் புழு அகப்பட்டால் வட்டார வேளாண் அலுவலரைக் கூப்பிடுங்கள்.

## அறிகுறி 6: குவியல் மக்கவில்லை

கடப்பாரையை நடுவில் செருகிப் பத்து நிமிடம் கழித்து உருவித் தொடுங்கள். பிடிக்க முடியாத சூடு இருந்தால் சரியாகப் போகிறது. ஜில்லென்று இருந்தால் உள்ளிருந்து ஒரு கைப்பிடி எடுத்துப் பிழியுங்கள். ஒன்றிரண்டு சொட்டு வந்தால் ஈரம் சரி. ஒன்றும் வராவிட்டால் தண்ணீர் ஊற்றிக் கிளறுங்கள். ஒழுகினால் பிரித்துக் காய விட்டுச் சோகை கலந்துவிடுங்கள். ஈரம் சரியாக இருந்தும் சூடில்லை என்றால் குவியல் சின்னது (நீள, அகல, உயரம் மூன்றும் மூன்றடிக்குக் குறையக் கூடாது), அல்லது சாணம் போதவில்லை. நாற்றம் அடித்தால் காற்று இல்லை. 15 நாளுக்கு ஒரு தடவை வெளிப்பக்கத்தை உள்ளே தள்ளிப் புரட்டினால் களைவிதையும் சாகும்.

## அறிகுறி 7: பசுந்தாள் விதைத்தும் தழை கிடைக்கவில்லை

கொளுஞ்சி முளைக்காவிட்டால் விதைத்தோல் கெட்டி. மணலோடு சேர்த்துத் தேய்த்து, அல்லது 55 டிகிரி வெந்நீரில் 2–3 நிமிடம் வைத்தெடுத்து விதையுங்கள். ஏக்கருக்கு 6–8 கிலோ போதும், ஆடுமாடு வாய் வைக்காது என்பது வேலியில்லாத காட்டுக்குப் பெரிய லாபம். தக்கைப்பூண்டு ஏக்கருக்கு 20 கிலோ, சணப்பு 10–15 கிலோ. பூவெடுக்கும்போது, சுமார் 45 நாளில், மடக்க வேண்டும். "இன்னும் கொஞ்சம் வளரட்டும்" என்று விட்டால் தண்டு விறகாகி அறிகுறி 1க்குக் கொண்டுபோய் விடும்.

மானாவாரியில் ஒரு எச்சரிக்கை. ஐப்பசி மழையை மட்டும் நம்பியிருக்கும் காட்டில், அந்த மழையிலேயே பசுந்தாள் போட்டால் பயிருக்கு வேண்டிய தண்ணீரை அது குடித்துவிடும். கோடை மழையில் போடுங்கள், இல்லாவிட்டால் வரப்பில் கிளைரிசிடியா வைத்து வெட்டிப் போடுங்கள்.

## அறிகுறி 8: மூன்று வருடம் போட்டும் ஆய்வு அறிக்கையில் கரிமம் ஏறவில்லை

ஏமாந்துபோனதாக நினைக்க வேண்டாம், கணக்கே அப்படித்தான். ஒரு ஏக்கரில் மேல் ஆறு அங்குல மண் ஏறக்குறைய 9 லட்சம் கிலோ. அதில் கரிமம் 0.1 சதவீதம் ஏற 900 கிலோ கரிச்சத்து உள்ளே தங்க வேண்டும். 5 டன் தொழு உரத்தில் பாதி தண்ணீர். மீதியில் கரிச்சத்து 600–700 கிலோ. நம் வெயிலில் ஒரு வருடத்தில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் காற்றோடு போய்விடும். தங்குவது 200 கிலோ, அதாவது 0.02 சதவீதம். மாதிரி எடுத்ததில் வரும் பிழையே அதைவிடப் பெரிது.

ஆகவே முதலில் மாதிரியைச் சந்தேகப்படுங்கள். ஒவ்வொரு தடவையும் அதே மாதம், அதே ஆழம். ஏக்கருக்கு 10–15 இடத்தில் வி வடிவக் குழி வெட்டி, ஆறு அங்குலம்வரை ஒரே தடிமனில் சுரண்டி எடுத்து, கலந்து, நாலாகப் பிரித்து எதிரெதிர்ப் பங்கைத் தள்ளி, அரைக் கிலோவுக்குக் கொண்டுவர வேண்டும். குப்பை கொட்டிய இடம், வரப்பு, மரநிழல் கூடாது. கருவேல் கரித்தூள் போட்டிருந்தால் அது சாதாரண ஆய்வுமுறையில் முழுதாகக் கணக்கில் வராது.

அடுத்தது உழவைக் குறையுங்கள். நாலு சால் ஓட்டும் காட்டில் குப்பை ஏறுவதைவிட வேகமாக இறங்கும். கடலைக்கொடி, உளுந்துக்கொடி மாட்டுக்குப் போனால் சாணமாவது திரும்ப வர வேண்டும்.

அறிக்கையில் 0.5 சதவீதத்துக்குக் கீழ் என்றால் குறைவு, 0.75க்கு மேல் என்றால் நல்ல நிலை. கரிமம் 0.3லேயே நின்றாலும் டப்பாவில் தண்ணீர் இறங்கும் நேரம் வருடாவருடம் குறைகிறதென்றால் செய்வதை மாற்ற வேண்டாம். அந்த நேரமும் குறையவில்லை, ஐந்து வருடம் ஆகிவிட்டது என்றால் அறிக்கைகள் எல்லாவற்றையும், ஒவ்வொரு வருடமும் என்ன, எவ்வளவு, எந்த மாதம் போட்டீர்கள் என்று எழுதிய தாளையும் எடுத்துக்கொண்டு வேளாண்மை அறிவியல் நிலையத்தின் மண்ணியல் ஆளைப் பாருங்கள். தாள் இல்லாமல் போனால் அவரும் "இன்னொரு லோடு அடிச்சுப் பாருங்க" என்றுதான் சொல்ல முடியும்.